கூரைப் புகைக்கு ஓர் ஆள்

வேலை என்பது ஒரு நேரத்தில் முடிந்துபோகும் என்று எங்கள் அம்மா தையல்நாயகிக்கு முப்பது வயதில்தான் தெரிந்தது. அதைத் தெரிந்துகொள்ள அவள் மல்லாட்டை மில்லுக்குப் போக வேண்டியிருந்தது. அங்கே சாயங்காலம் ஐந்தரைக்குச் சங்கு ஊதும். கையில் இருக்கும் பருப்பை முறத்தில் போட்டுவிட்டு, சேலையை உதறிக்கொண்டு எழுந்து வந்துவிடலாம். மிச்சத்தை மறுநாள் பார்த்துக்கொள்ளலாம். வீட்டில் அவளுக்கு எவன் சங்கு ஊதினான்?

மில் விழுப்புரத்தில் எங்கள் தெருவுக்குப் பின்னாலேயே இருந்தது. வளவனூர்ப் பக்கத்திலிருந்து வண்டி வண்டியாக மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, வந்து இறங்கும். மெஷின் உடைத்துத் தள்ளுகிற பருப்பில் சொத்தையும் கல்லும் பொறுக்குவது பெண்களின் வேலை. நாற்பது பேர் இரண்டு வரிசையாக எதிரெதிரே உட்கார்ந்திருப்பார்கள். காலையில் அப்பாதுரை மேஸ்திரி பெயர் வாசிப்பார். 'தையல்நாயகி' என்று முழுசாக வாசிப்பார். வீட்டில் அவள் 'இந்தா', 'ஏ புள்ள', 'அம்சா அம்மா' அவ்வளவுதான். அவளுக்கென்று இருந்த பெயர் திருவாமாத்தூரில் அவள் பிறந்த வீட்டோடு நின்றுபோயிருந்தது. அந்த அம்சா நான்தான்.

அவள் மில்லுக்குப் போக ஆரம்பித்தது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்து மூன்றில். அதற்கு முந்திய வருஷம் அப்பா துரைக்கண்ணு பட்டாளத்தில் சேர்ந்து போய்விட்டார். வீட்டில் நானும், என்னைவிட மூன்று வயது மூத்த அண்ணன் நடராசனும், வலது கையும் காலும் விழுந்து கட்டிலோடு கிடந்த பெரியதம்பி தாத்தாவும் இருந்தோம். தாத்தா அப்பாவைப் பெற்றவர். வாயும் கோணிப் போயிருந்ததால் அவர் பேசுவது எங்களைத் தவிர யாருக்கும் புரியாது.

மில்லுக்குப் போனதால் அம்மாவுக்கு வீட்டு வேலை ஒரு பிடி குறைந்ததா என்றால், இல்லை. கோழி கூவும் முன்னால் எழுந்து, கிணற்றடியில் ஆறு குடம் சேந்தி, வாசல் தெளித்து, தாத்தாவின் படுக்கைத் துணியை அலசிப் போட்டு, கேப்பை அரைத்து, கூழ் காய்ச்சி, எங்கள் மூன்று பேருக்கும் ஊற்றிவிட்டு எட்டு மணிச் சங்குக்கு ஓடுவாள். சாயங்காலம் வந்ததும் மறுபடி தண்ணீர், மறுபடி அடுப்பு, ரேஷன் கடை வரிசை, மறுநாளைக்குக் கம்பு இடிப்பது. "மில்லுலதாண்டி எனக்கு ரெஸ்ட்டு" என்பாள். கேலிக்குச் சொல்கிறாள் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

நடுப்பகல்தான் அவளுக்குக் கண்டம். பழையதோ புளித்த கூழோ தாத்தாவுக்கு ஆகாது, மதியத்துக்கு அப்போது காய்ச்சின நொய்க்கஞ்சிதான் கொடுக்க வேண்டும் என்று வைத்தியர் சொல்லியிருந்தார். மில்லில் சாப்பாட்டுக்கு அரை மணி விடுவார்கள். மற்றப் பெண்கள் வேப்பமரத்தடியில் தூக்குப் போணியைத் திறக்கும்போது அம்மா தெருவில் ஓடிக்கொண்டிருப்பாள். அடுப்பில் மல்லாட்டைத் தோலை அள்ளிப் போட்டு ஊதி, கஞ்சி கொதித்ததும் இறக்கி, ஆற்றி, தாத்தா வாயில் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றித் துடைத்துவிட்டு, மறுபடி ஓடுவாள். தன் பங்குக் கூழை எப்போது குடிப்பாள் என்று நான் கேட்டதில்லை. குழந்தைகள் அதையெல்லாம் கேட்பதில்லை.

எனக்குக் கேட்க வேறு விஷயங்கள் இருந்தன. தெருமுனைப் பள்ளிக்கூடத்தில் நான்தான் வகுப்பில் முதல். காலையில் கரும்பலகையில் தேதி எழுதுகிற பொறுப்பை அம்மணி டீச்சர் என்னிடம் கொடுத்திருந்தார். அந்தச் சுண்ணாம்புக் கட்டியைக் கையில் பிடிக்கிறபோது எனக்கு ஏற்படுகிற கர்வம் இருக்கிறதே, அதற்கு அப்புறம் அந்த மாதிரி கர்வம் எனக்கு வாழ்க்கையில் வந்ததில்லை.

நாற்பத்தாறு தை மாதம் அப்பா திரும்பி வந்தார். காக்கி உடுப்பும் தகரப் பெட்டியுமாக அவர் இறங்கி நடந்து வந்தபோது தெருவே கூடிவிட்டது. பர்மா எல்லையில் பீரங்கிக்குப் பின்னால் நின்றதாகச் சொன்னார். குண்டு எப்படிப் போகும் என்று வாயாலேயே ஊளையிட்டுக் காட்டினார். பக்கத்து வீட்டு வெள்ளையம்மாள் தன் பேரனுக்கு அவர் பெயரையே வைக்கப்போவதாகச் சொன்னாள்.

ஆனால் வேலை கிடைக்கவில்லை. ரயிலடியில் அப்புறம் வரச் சொன்னார்கள். மில்லில் மூட்டை தூக்குகிற ஆட்களையே நிறுத்திக்கொண்டிருந்தார்கள். அப்பா காலையில் ஒரு சுற்றுப் போய்விட்டு வந்து, புங்கமரத்தடியில் மற்ற ஆண்களோடு சீட்டு ஆடினார். அவர் வந்தால் அம்மாவுக்கு ஒரு கை கூடும் என்று நான் நினைத்திருந்தேன். கூடியது ஒரு வயிறு. அவருக்குக் குளிக்க வெந்நீர் வேண்டும், காக்கிச் சட்டை மடிப்புக் கலையாமல் துவைக்க வேண்டும், மதியம் சுடச்சுட ஏதாவது வேண்டும். அவரைக் கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். தாத்தாவைத் தூக்கி வெயிலில் உட்கார வைப்பார், முகம் மழித்துவிடுவார், எங்களை அடித்ததே இல்லை. அடுப்புப் பக்கம் மட்டும் அவர் கண் போகாது. அந்த மூலையே வீட்டில் இல்லாத மாதிரி நடந்துகொள்வார்.

ஆனி மாதம் நான் ஐந்தாம் வகுப்புக்குப் போனேன். அதே மாதம் மில்லில் ஒரு புதுச் சட்டம் வந்தது. அப்பாதுரை மேஸ்திரி வரிசை முன்னால் நின்று சொன்னாராம்: "பொம்பளைங்க மடியில மல்லாட்டை வெளிய போவுதுன்னு மொதலாளி சொல்றாரு. இனிமே காலைல உள்ள வந்தா, சாயங்காலம் சங்கு ஊதினப்புறம்தான் வெளிய போவணும். மத்தியானம் கேட்டு தெறக்க மாட்டோம்."

அம்மா எழுந்து நின்று, "எங்க மாமனாருக்குக் கஞ்சி ஊத்தணும்ங்க" என்றிருக்கிறாள்.

"அதுக்கு வூட்டுல ஆளு இல்லியா? இல்லன்னா நின்னுடும்மா. வெளிய பத்து பேரு காத்துக்கினு இருக்குறாங்க."

அன்று சாயங்காலம் அப்பாவிடம் அவள் இதைச் சொன்னபோது அவர் வெற்றிலை மென்றுகொண்டிருந்தார். "வுட்டுடு" என்றார். "இன்னா பெரிய கலெக்டர் வேலை?"

அம்மா எழுந்து உலக்கையை எடுத்தாள். கம்பை உரலில் கொட்டி இடிக்க ஆரம்பித்தாள். அன்றைக்கு அவள் இடித்த இடியில் உரல் பிளக்காமல் இருந்தது ஆச்சரியம். வேலையை விட்டால் எங்கள் ஐந்து பேர் பாடும் திண்டாட்டம் என்பது அப்பாவுக்கும் தெரியும். ஆனால் அம்மாவின் கோபம் அதற்காக மட்டும் இல்லை. அந்த மில் வேலையில் அவள் ஒரு ஆளாக இருந்தாள். அதை விட்டால் மறுபடி 'இந்தா'தான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மில் விடுமுறை. அம்மா வாசலில் மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள். திண்டிவனத்திலிருந்து சவுரிராயன் என்று ஒருவர் அப்பாவைத் தேடி வந்தார். அப்பாவோடு பட்டாளத்தில் இருந்தவர், சொந்த ஊர் கிளியனூர். தெரு முனையிலேயே நின்று, "லங்கர் துரைக்கண்ணு வூடு எது?" என்று கத்திக்கொண்டே வந்தார். அவருக்குத் தொண்டை அப்படி.

"லங்கருன்னா இன்னாங்க?" என்று அம்மா கேட்டாள்.

"பட்டாளத்துச் சமையக்கட்டும்மா. எரநூறு பேருக்கு ஒத்த ஆளா சாம்பார் வைப்பான் உன் வூட்டுக்காரன். நாலு வருசமா நான் அவன் கைச் சோத்தத்தான் துன்னுக்கினு இருந்தேன். வெள்ளைக்கார ஆபீசரே தட்ட நக்குவான்னா பாத்துக்கோயேன்!"

உள்ளேயிருந்து அப்பா வெளியே வந்த வேகத்தை நான் மறக்க மாட்டேன். சவுரிராயனைத் தோளில் கைபோட்டு அணைத்த மாதிரியே தெருமுனைக்குத் தள்ளிக்கொண்டு போனார். திண்டிவனம் பஸ் ஸ்டாண்டுப் பக்கத்தில் ஒரு மெஸ் போடப் போவதாகவும், அப்பா வந்து கரண்டி பிடிக்க வேண்டும் என்றும் அவர் கேட்டது தெருவின் கடைசி வீடு வரை கேட்டிருக்கும். நல்ல வேளை, சீட்டுக்காரர்கள் அன்றைக்குத் திருவிழா பார்க்கப் போயிருந்தார்கள். அப்பா முடியாது என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

திரும்பி வந்தபோது அம்மா முந்தானையை வாயில் பொத்திக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தாள். சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அப்புறம் அது சிரிப்பாக இல்லை. "பதினஞ்சு வருசமா உனக்கு நான் சோறு ஆக்கிப் போடறேன்" என்றாள். "நாலு வருசம் எரநூறு பேருக்கு ஆக்கின கையி, பெத்த அப்பனுக்கு ஒரு வேளை கஞ்சி காச்சக் கூடாதா?"

"அது டூட்டி புள்ள. இது வேற."

"இன்னா வேற?"

அது என்ன வேறு என்று எனக்கும் இன்றுவரை தெரியவில்லை. கடைசியில் அப்பா ஒத்துக்கொண்டார். கதவைத் தாழ் போட்டுக்கொண்டு மதியக் கஞ்சி வைப்பது. அம்மா யாரிடமும் மூச்சு விடக் கூடாது. பீரங்கி பீரங்கியாகவே இருக்க வேண்டும்.

நான்கு நாள் நன்றாகப் போனது. பூண்டும் மிளகும் தட்டிப் போட்ட கஞ்சியின் வாசனை சாயங்காலம் வரை வீட்டில் நிற்கும். தாத்தா பாதி வாயால் சிரித்தார். அம்மா மதியம் மற்றப் பெண்களோடு வேப்பமரத்தடியில் உட்கார்ந்து சாப்பிட்டாள். மூன்று வருஷத்தில் முதல் முறையாக.

ஐந்தாம் நாள் வெள்ளையம்மாள் எங்கள் கூரையைப் பார்த்துவிட்டாள். மல்லாட்டைத் தோல் எரிந்தால் புகை கட்டியாக வரும். கீற்றுக் கூரையின் சந்தெல்லாம் கசியும். தையல்நாயகி மில்லில் இருக்கிறாள், பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில், கதவு தாழ் போட்டிருக்கிறது, கூரை புகைகிறது. பெண்பிள்ளை யாரும் இல்லாத வீட்டில் புகை வந்தால் எங்கள் தெருவில் அதற்கு ஒரே அர்த்தம்தான். "ஐயோ, தீப் புடிச்சிக்கிச்சு!" என்று அலறினாள். சீட்டுக்காரர்கள் ஓடி வந்தார்கள். குடம் குடமாகக் கூரை மேல் தண்ணீர் ஊற்றினார்கள். ஒருவர் ஏறிக் கீற்றைப் பிய்த்தே விட்டார். உள்ளே அப்பா கொதிக்கிற கஞ்சியை அப்படியே அடுப்பில் கவிழ்த்து அணைத்துவிட்டுக் கதவைத் திறந்து, பீடி பற்றவைத்த தீக்குச்சி தோலில் விழுந்துவிட்டது என்று சொல்லிச் சமாளித்தார். அன்று தாத்தாவுக்குக் கஞ்சி இல்லை. கட்டில் நனைந்து, உடம்பு நனைந்து, சாயங்காலம் வரை நடுங்கிக்கொண்டு கிடந்தார். நடந்ததையெல்லாம் எனக்குச் சொன்னவர் அவர்தான். சொல்லும்போது சிரித்தார், அழுதார், இரண்டும் அவருக்கு ஒரே மாதிரிதான் வரும்.

அப்பா இனிமேல் அடுப்பைத் தொட மாட்டேன் என்றுவிட்டார். "ஊரு சிரிக்கும். பொண்டாட்டி சம்பாரிக்கிறா, புருசன் ஆக்கிக்கினு இருக்கான்னு சொல்வானுங்க. அப்புறம் நான் தெருவுல நடக்கவா?"

மறுநாள் சனிக்கிழமை, எனக்குப் பள்ளிக்கூடம் இல்லை. நான் வீட்டில் இருந்ததால் அப்பா மனம் இளகி, தாத்தாவுக்காகக் கதவைச் சாத்தி ஒரே ஒரு வேளை கஞ்சி வைத்தார். கூரை நன்றாகவே புகைந்தது. வெள்ளையம்மாள் வாசலில்தான் உட்கார்ந்திருந்தாள். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

சாயங்காலம் நான்தான் அதை அம்மாவிடம் சொன்னேன். வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். அம்மா கையில் இருந்த குடத்தை இறக்கி வைத்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தாள். அவள் என்னை அளக்கிறாள் என்று தெரிந்தது. எதற்கு என்று தெரியவில்லை.

"அம்சா, நீ கொஞ்ச நாளைக்கு வூட்டுல இரு" என்றாள். "ஆக்க வேணாம். அப்பா ஆக்கும். நீ சும்மா வாசல்ல குந்திக்கினு இருந்தா போதும்."

"பள்ளிக்கூடம்?"

"அப்பாவுக்கு ஒரு வேலை கெடைக்கிற வரைக்கும்தான். கெடச்ச அன்னிக்கே நான் மில்லை வுட்டுடறேன். நீ போவலாம்."

பதின்மூன்று வயது அண்ணனை நிறுத்தலாமே என்று யாரும் சொல்லவில்லை. சொல்லியும் பிரயோசனம் இல்லை. அவன் வீட்டில் இருந்தால் கூரைப் புகைக்கு அவன் பதிலாக மாட்டான். அதற்கு ஒரு பெண் வேண்டும். பத்து வயதானாலும் போதும். திங்கட்கிழமை அவன் பையை மாட்டிக்கொண்டு போனான். நான் முறத்தை மடியில் வைத்துக்கொண்டு நிலைப்படியில் உட்கார்ந்தேன்.

அப்படித்தான் எங்கள் நாடகம் நடந்தது. கதவைப் பாதி சாத்தியிருக்கும். உள்ளே அப்பா சமைப்பார். யாராவது வரும் சத்தம் கேட்டால் நான் உள்ளே ஓடிக் கரண்டியை வாங்கிக்கொள்வேன். அவர் தாத்தா கட்டிலண்டை போய் உட்கார்ந்துகொள்வார். நான் வெளியே போகும்போது கன்னத்தில் கொஞ்சம் கரி தடவி அனுப்புவார். சமைக்கும்போது அவர் வேறு ஆளாக இருந்தார். வெங்காயத்தைக் கண்ணை மூடிக்கொண்டு அரிவார், ஏதோ வடநாட்டுப் பாட்டை முனகுவார், உப்பைக் கை உயர்த்தித் தூவுவார். எனக்கு அவரைப் பார்க்கப் பிடித்திருந்தது. அதைச் சொல்லாவிட்டால் பொய் சொன்னதாகும். அதே நேரம் பள்ளிக்கூட மணி கேட்கும். இன்றைக்குத் தேதியை எவள் எழுதியிருப்பாள் என்று நினைப்பேன். 

மீந்த குழம்பை வெள்ளையம்மாளுக்கு ஒரு கிண்ணம் கொடுக்கப் போய், அது வேறு வினையாயிற்று. "பத்து வயசுல இன்னா கைப்பக்குவம்!" என்று தெருவெல்லாம் சொல்லிவிட்டாள். பெண்கள் வந்து என் கன்னத்தைத் தொட்டு நெட்டி முறித்தார்கள். தையல்நாயகி கொடுத்து வைத்தவள் என்றார்கள். ஒரு கரண்டி உப்பை அதுவரை நான் எதிலும் போட்டதில்லை. அப்பா உள்ளே இருந்து அந்தப் பாராட்டையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தார். அவருடைய பெயர் எனக்குப் போய்க்கொண்டிருந்தது, என்னுடைய நாள் அவருக்குப் போய்க்கொண்டிருந்தது.

மூன்று வாரம் கழித்து ஒரு மதியம் அம்மணி டீச்சர் வந்தார். குடையைச் சுருக்கிக்கொண்டு வாசலில் நின்றவரைப் பார்த்ததும் முறத்தைக் கீழே போட்டேன். உள்ளே ஓடினேன். அப்பா கரண்டியை என் கையில் திணித்துவிட்டு இருட்டு மூலைக்குப் போனார். டீச்சர் தலையைக் குனிந்து உள்ளே வந்தார். அடுப்பில் பருப்பு கொதித்துக்கொண்டிருந்தது.

"ஏன் அம்சா வரல? உடம்புக்கு முடியலியோன்னு பார்க்க வந்தேன். நீயா சமைக்கிற?"

ஒரு வார்த்தை சொன்னால் போதும். 'அப்பா சமைக்கிறார் டீச்சர், நான் சும்மாதான் உட்கார்ந்திருக்கிறேன்' என்று சொன்னால் அவர் என் கையைப் பிடித்து அப்போதே கூட்டிக்கொண்டு போயிருப்பார். எனக்கு நன்றாகத் தெரியும். அப்போது தாத்தா கட்டிலில் புரண்டு, விழாத இடது கையை அப்பா பக்கம் நீட்டி, "அ... அவ... அவந்தா..." என்று முக்கினார். தாத்தா என் பக்கம் பேசினார், பாவம். டீச்சருக்குப் புரியவில்லை. "பசிக்குது போல, முதல்ல அவருக்குக் கொடும்மா" என்றார்.

நான் மூலையைப் பார்த்தேன். அப்பா கும்பிடவில்லை, கையைக்கூட அசைக்கவில்லை. வெறுமனே என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். பீரங்கிக் கதை சொன்னபோது விரிந்த அதே கண்கள், இப்போது சுருங்கி, திருடி மாட்டிக்கொண்டவனுடைய கண்கள் போல இருந்தன. அப்பாவை அப்படிப் பார்க்க எனக்குச் சகிக்கவில்லை.

"நான்தான் டீச்சர் சமைக்கிறேன்" என்றேன்.

டீச்சர் பெருமூச்சு விட்டார். என்னைக் கோபித்துக்கொண்டிருந்தாலாவது எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். "பொறுப்பான பொண்ணு" என்று என் தலையைத் தடவினார். "இந்த மாசம் முடியிற வரைக்கும் உன் பேரை எடுக்காம வச்சிருக்கேன். அதுக்குள்ள வந்துடு." அவர் போன பிறகுதான் பருப்பு அடிப்பிடித்த நாற்றம் எங்களுக்கு வந்தது.

அன்றையிலிருந்து அப்பா பாட்டு முனகவில்லை. என் முகத்தைப் பார்க்காமலே கரி தடவினார். பத்து நாள் கழித்து, தானே திண்டிவனத்துக்குப் போய்ச் சவுரிராயனைப் பார்த்துவிட்டு வந்தார். மெஸ்ஸில் வேலை, அங்கேயே தங்க வேண்டும், பதினைந்து நாளுக்கு ஒரு முறை வீட்டுக்கு வரலாம். தெருவில் அவரே சொன்னார். தலை நிமிர்ந்து சொன்னார். யாரும் சிரிக்கவில்லை. "மாஸ்டரா போறியா துரைக்கண்ணு?" என்று மரியாதையாகத்தான் கேட்டார்கள். அயலூரில் முன்பின் தெரியாதவனுக்குச் சோறாக்கினால் மாஸ்டர்! எனக்கு அன்றைக்கு அதெல்லாம் தோன்றவில்லை. சந்தோஷத்தில் குதித்துக்கொண்டிருந்தேன். மாசம் முடிய இன்னும் நான்கு நாள் இருந்தது.

கிளம்பும்போது அப்பா என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "உனக்காவத்தான் போறேன். இனிமே இந்த வேசம் வேணாம். அம்மா மில்லை வுட்டுட்டு வூட்டுல இருப்பா. நீ போய்ப் படி" என்றார். அவர் மனசார நினைத்துத்தான் சொன்னார். அவருக்குத் தெரிந்த ஒரே வழி அது.

நான் சிலேட்டைக் கரியும் கோவை இலையும் வைத்துத் தேய்த்துக் கழுவி, பையோடு வாசலுக்கு வந்தபோது அம்மா மில்லுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். "இன்னிக்கு ஒரு நாளு இரு" என்றாள். "தாத்தாவுக்குக் கஞ்சி யாரு ஊத்தறது? மேஸ்திரிகிட்ட போய்ச் சொல்லிட்டு வந்துடறேன்." அது நியாயமாகத்தான் பட்டது.

அன்றுதான் நான் நிஜமாகவே சமைத்தேன். ஒரு மாசம் பார்த்துக்கொண்டே இருந்ததில் கை தன்பாட்டுக்குச் செய்தது. தாத்தாவுக்கு மதியம் கஞ்சி. சாயங்காலத்துக்குச் சோறு வடித்தபோது கஞ்சித் தண்ணி கையில் கொட்டி இரண்டு விரல் வெந்துபோயிற்று, விளக்கெண்ணெய் தடவிக்கொண்டேன். கத்தரிக்காய்க் குழம்பு வைத்தேன். கடைசி நாள்தானே, அம்மா அசந்துபோக வேண்டும் என்று வைத்தேன். தண்ணீர்கூட எடுத்து நிரப்பிவிட்டேன்.

ஐந்தரைக்குச் சங்கு ஊதியது. வாசலிலேயே காத்திருந்து, "சொன்னியாம்மா?" என்று கேட்டேன்.

அம்மா என்னைத் தாண்டி உள்ளே எட்டிப் பார்த்தாள். நிரம்பியிருந்த குடங்களைப் பார்த்தாள். அடுப்பு அணைந்து, பாத்திரமெல்லாம் கவிழ்த்து வைத்திருந்ததைப் பார்த்தாள். செய்ய வேலை எதுவும் மிச்சம் இல்லாத வீட்டுக்குள் எப்படி நுழைவது என்று அவளுக்குத் தெரியவில்லை.  பிறகு காலைக் கழுவிக்கொண்டு வந்து, கம்பத்தில் முதுகைச் சாய்த்துக் காலை நீட்டி உட்கார்ந்தாள். வெளியே இன்னும் வெயில் இருந்தது. வெளிச்சத்தில் அம்மா உட்கார்ந்து நான் அதுவரை பார்த்ததே இல்லை.

"சோத்தப் போடு" என்றாள்.

போட்டேன். குழம்பை ஊற்றினேன். அவள் முதல் உருண்டையை வாயில் வைத்ததும் கண்ணை மூடிக்கொண்டாள். அவளுக்கு யாரும் தட்டில் சோறு போட்டுக் கொடுத்ததில்லை. பிறந்த வீட்டில் அண்ணன் தம்பிகளுக்குப் போட்டாள், இங்கே எங்களுக்கெல்லாம் போட்டாள், தனக்குப் பானையிலிருந்து வழித்துக்கொண்டாள். அவள் அன்றைக்கு மெல்ல மெல்ல, ஆவி பறக்கிற சோற்றைத் தின்ற அழகை நினைத்தால் எனக்கு அவள் மேல் ஆத்திரமே வரக் கூடாது. ஆனால் வருகிறது. இன்றைக்கும் வருகிறது. அவள் மேஸ்திரியிடம் ஒன்றும் சொல்லவில்லை என்று எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது. தெரிந்தும், வெந்த விரலைப் பாவாடையில் மறைத்துக்கொண்டு, அவள் வாயையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

"நல்லா இருக்குதாம்மா?"

"உப்பு கம்மி" என்றாள் அம்மா. "நாளைக்குப் பார்த்துப் போடு."